உள்ளடுப்பும் வெளியடுப்பும்

கும்மிடிப்பூண்டி பக்கம் "உலை"ன்னு சொன்னா இப்ப ரெண்டு அர்த்தம். வீட்டுல அரிசி போட வைக்கிற உலை ஒண்ணு. சிப்காட்ல பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்குற உலை இன்னொண்ணு. ரெண்டாவதைப் பத்தி பேப்பர்ல அப்பப்ப வருது. முதலாவதோட கதையை யாரும் எழுதறதில்ல, அதனால நான் எழுதுறேன்.

எங்க பக்கத்துப் பழைய வீடுகள்ல குறைஞ்சது ரெண்டு அடுப்பு இருக்கும். உள்ளே, களிமண்ணுல மூணு குமிழ் வச்சுப் பூசின அடுப்பு. அதை ஒட்டியே கொடியடுப்பு. இதுக்குத் தனியா விறகு வைக்க மாட்டாங்க. பெரிய அடுப்புல மிஞ்சுற அனல் ஒரு துவாரம் வழியா வந்து குழம்பைச் சூடா வச்சிருக்கும். வெளியே, புழக்கடையில இன்னொரு அடுப்பு. வெந்நீர் போடறது, நெல் அவிக்கிறது, மாட்டுக்குக் கஞ்சி காய்ச்சறது எல்லாம் அங்கதான். ஓலைக் கூரைக்குக் கீழே அவ்வளவு பெரிய நெருப்பை யாரும் மூட்ட மாட்டாங்க. கல்யாணம்னா தரையை நீளமா வெட்டிக் கோட்டையடுப்பு போடுவாங்க.

உள்ளடுப்போட வேலை சோறாக்குறதோட முடியாது. புகை மேலே ஏறுற இடத்துல விதைக்கு எடுத்து வச்ச கதிர்களைக் கட்டித் தொங்க விடுவாங்க, வண்டு அண்டாது. கூரை மூங்கிலும் புகை குடிச்சா சீக்கிரம் உளுக்காது. சாம்பல் பாத்திரம் துலக்கும், விதையோட கலந்து வைக்க உதவும், அசுவினி பிடிச்ச செடி மேலே தூவவும் ஆகும். கேஸ் வந்தப்போ அடுப்பு மட்டும் மாறலை, விதை காக்குற இடமும் போச்சு. இப்ப விதை கடையில பாக்கெட்டா வருது.

அதே புகையைத்தான் நம்ம பொம்பளைங்க ஊதுகுழலோட உட்கார்ந்து காலம் பூரா சுவாசிச்சாங்க. மண் அடுப்புச் சமையல் ருசியைப் புகழ்றவங்கள்ல எத்தனை பேர் ஊதுகுழலைத் தொட்டிருப்பாங்க? இதைச் சரி பண்ண 1950-களிலேயே ஐதராபாத்தில் எஸ்.பி. ராஜு புகைபோக்கி வச்ச அடுப்பை வடிவமைச்சார். 1980-களில் மத்திய அரசு அந்த மாதிரி அடுப்புகளுக்கு ஒரு தேசியத் திட்டமே போட்டது. ஆனா குழாய்ல கரி அடைஞ்சா யார் சுத்தம் பண்றது? நிறைய வீட்டுல மறுபடியும் பழைய அடுப்புதான்.

சென்னையில இருக்கிறவங்களுக்கு இதுல ஒரு பங்கு இருக்கு. உங்க கொள்ளுப்பாட்டி எரிச்ச விறகு எங்க பக்கமாத்தான் வந்திருக்கும். 1800-களின் தொடக்கத்தில் கொக்ரேன்னு ஒரு வெள்ளைக்காரர் சென்னையில இருந்து எண்ணூர் வரைக்கும் வெட்டின கால்வாய், பிறகு பழவேற்காடு தாண்டி வடக்கே போச்சு. தாது வருஷப் பஞ்சத்துக்கு அப்புறம் அதுக்குப் பக்கிங்காம் கால்வாய்னு பேர். அந்த வழியில வந்த முக்கியமான சரக்கு விறகு. பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம், யானாதி மக்கள் வாழ்ந்த ஸ்ரீஹரிக்கோட்டா காட்டுல வெட்டி, படகுல ஏத்தி, காத்து இருந்தா பாய் விரிச்சும் இல்லைன்னா கரையில நடந்து கயித்தால இழுத்தும் கொண்டு வருவாங்க. சென்னை விறகுத் தொட்டிகள் அதுலதான் நிறைஞ்சது.

போட்டிக்கு ரயிலும் வந்தது. 1856-ல் ராயபுரத்துல இருந்து திருவள்ளூர் வழியா வாலாஜா ரோடு வரைக்கும் வண்டி ஓடிச்சு. அந்தக் கால இன்ஜினும் விறகு தின்னும். அதுக்காகவே மணல் நிலத்துல சவுக்கு போடச் சொல்லி அரசாங்கம் ஊக்கப்படுத்திச்சு. கடற்கரை ஓரம் இன்னிக்கு நீங்க பார்க்கிற சவுக்குத் தோப்புக்கு ஆரம்பம் அந்த அடுப்புதான்.

1969-ல் ஸ்ரீஹரிக்கோட்டாவை ராக்கெட் ஏவத் தேர்ந்தெடுத்தாங்க. விறகு வெட்டின தீவுல இப்ப வேற மாதிரி நெருப்பு. கால்வாய்ப் படகும் நின்னு போச்சு. 2006-க்கு அப்புறம் தமிழக அரசு இலவச கேஸ் அடுப்பு கொடுத்தது, 2016-ல் மத்திய அரசின் உஜ்வாலா வந்தது. அப்ப எங்க ஊர் விறகு நகரத்துக்குப் போச்சு. இப்ப எண்ணூர்ல கப்பல்ல கேஸ் வந்து இறங்குது. சிப்காட் உலை கரன்ட்ல எரியுது, கரன்ட்டுக்காக அத்திப்பட்டுல நிலக்கரி எரியுது. சவுக்கு காகித ஆலைக்கும் சாரத்துக்கும் போகுது.

எங்க வீட்டு உள்ளடுப்பை இடிச்சு மேடை கட்டியாச்சு. வெளியடுப்பு மட்டும் இருக்கு, வெந்நீருக்கும், தை மாசம் பொங்கலுக்கும், சிலிண்டர் தீர்ந்து அடுத்தது வர்ற வரைக்கும்.