கடும் இடிப்புயல் முன்கணிப்பு

ஆலங்கட்டி, பலத்த காற்று, டொர்னாடோ எனும் சுழல்காற்று ஆகியவற்றைக் கொண்டுவரும் இடிமேகங்கள் எங்கே உருவாகக்கூடும் என்று முன்கூட்டியே அறிவிக்கும் வானிலைப் பணி. இதன் வரலாறு பெரும்பாலும் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நடுச் சமவெளியில் நிகழ்ந்தது. மெக்சிகோ வளைகுடாவின் ஈரக்காற்றும் மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்றும் சந்திக்கும் நிலம் அது. 1 அங்குல ஆலங்கட்டி, மணிக்கு 93 கி.மீ. காற்று, டொர்னாடோ, இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால்தான் அங்கே இடிப்புயலைக் 'கடுமையானது' என்பார்கள்.

முதல் முயற்சி இராணுவ சிக்னல் பிரிவைச் சேர்ந்த ஜான் பார்க் ஃபின்லியுடையது. 1884-இல் அவர் வெளியிட்ட 2,803 கணிப்புகளில் 96.6 விழுக்காடு பலித்ததாகக் கணக்கு. ஆனால் டொர்னாடோ வரும் என்று அவர் சொன்ன 100 முறையில் 28 முறையே அது வந்தது. எப்போதும் 'வராது' என்று சொல்லியிருந்தால் 98 விழுக்காடு பலித்திருக்கும். முன்கணிப்பை எப்படி மதிப்பிடுவது என்ற கேள்வியே இந்தக் கணக்கிலிருந்துதான் வலுப்பெற்றது. மக்கள் பீதியடைவார்கள் என்ற அச்சத்தில், பிறகு பல பத்தாண்டுகள் வானிலை அறிக்கைகளில் டொர்னாடோ என்ற சொல்லே விலக்கப்பட்டது. அறியாமையைவிடப் பெரிய தடையாக இருந்தது இந்த மௌனம்தான்.

அதை உடைத்தவர்கள் ஓக்லஹோமாவின் டிங்கர் விமானப்படைத் தளத்தில் பணியாற்றிய எர்னஸ்ட் ஃபாபுஷ், ராபர்ட் மில்லர் ஆகிய இருவர். 1948 மார்ச் 20 இரவு, எவரும் எதிர்பாராமல் ஒரு டொர்னாடோ அத்தளத்தைத் தாக்கி விமானங்களை நொறுக்கியது. மேலதிகாரி ஆணையிட, இருவரும் பழைய டொர்னாடோ நாள்களின் வானிலை வரைபடங்களை எடுத்து ஒப்பிட்டார்கள். மார்ச் 25 அன்று வரைபடம் ஐந்து நாள் முந்தையதைப் போலவே இருந்தது. தயங்கித் தயங்கி எச்சரிக்கை கொடுத்தார்கள். அன்று மாலையே அதே தளத்தில் மீண்டும் டொர்னாடோ இறங்கியது. ஒரே தளம் ஒரே வாரத்தில் இருமுறை தாக்கப்படுவது மிக அரிது. அதில் அதிர்ஷ்டமும் இருந்தது. ஆனால் முறை சரியானது.

1952-இல் அரசு வானிலைத் துறை இதற்கெனத் தனிப்பிரிவு தொடங்கியது. அது 1954-இல் கன்சாஸ் சிட்டிக்கும், 1997-இல் ஓக்லஹோமாவின் நார்மனுக்கும் இடம் மாறியது. இன்று அதன் பெயர் புயல் முன்கணிப்பு மையம்.

பல நாள் முன்பே கணிப்பது வேறு வகைச் சவால். சாதாரண இடிமேகம் ஒரு மணி நேரம் போல வாழ்ந்து கலைந்துவிடும். அதை ஐந்து நாள் முன்பே காண முடியாது. அது பிறக்கும் சூழலைக் காணலாம். ஈரப்பதம், நிலையற்ற காற்று, அதை மேலே தூக்கும் விசை, உயரத்துக்கு உயரம் மாறும் காற்றோட்டம் ஆகிய நான்கும் சேரும் இடமே அச்சூழல். 1992 முதல் ஒரே கணிப்பைச் சிறு மாற்றங்களுடன் பலமுறை கணினியில் ஓட்டிப் பார்க்கும் முறை நடைமுறைக்கு வந்ததால், கணிப்பு எவ்வளவு உறுதியானது என்பதும் தெரியத் தொடங்கியது. 2007-இல் 4 முதல் 8 ஆம் நாள் வரையிலான அறிவிப்பு அதிகாரபூர்வமானது. சூழல் தெளிவாக இல்லாவிட்டால், கணிக்க இயலவில்லை என்றே அதில் வெளிப்படையாக எழுதுவார்கள். இந்த நேர்மை அதன் பெரிய பலம்.

2011 ஏப்ரல் 27 அன்று தென்கிழக்கு அமெரிக்காவை டொர்னாடோக்கள் தாக்கிய பேரழிவின் அபாயம் சில நாள்கள் முன்பே அறிவிக்கப்பட்டது. ஆயினும் 300-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்று காலையிலேயே வீசிய புயல்களால் அலபாமாவில் பல இடங்களில் மின்சாரம் போயிருந்தது. மாலை எச்சரிக்கை எல்லா வீடுகளையும் எட்டவில்லை.

அண்மைக் காலமாக, பழைய புயல் பதிவுகளைக் கற்ற இயந்திரக் கற்றல் முறைகளும் இம்மையத்தின் கணிப்பாளர்களுக்கு உதவுகின்றன. எந்த ஊர், எந்த மணி என்பதை மட்டும் இன்றும் ரேடார்தான் சொல்கிறது. அதற்குப் பின் கிடைக்கும் அவகாசம் பெரும்பாலும் சில நிமிடங்களே.