உள்ளே செல்பவர் வெளியே போவது ஏன்? ‘கீக் அவுட்’ என்னும் வினையின் வரலாறு

ஒரு பொருளின் நுட்பங்களில் தன்னை மறந்து ஈடுபடுவதைக் குறிக்கும் தமிழ் வினைகள் பெரும்பாலும் உள்நோக்கியவை: ஆழ்தல், மூழ்குதல், தோய்தல். ஆங்கிலத்தின் ‘டெல்வ் இன்டு’, ‘டிக் இன்டு’ போன்ற தொடர்களும் அவ்வாறே. ஆனால் அமெரிக்கப் பேச்சுவழக்கில் தோன்றிப் பரவிய ‘கீக் அவுட்’, ‘நெர்ட் அவுட்’ ஆகிய இரண்டும் ‘வெளியே’ என்று பொருள்படும் ‘அவுட்’ என்னும் இடைச்சொல்லை ஏற்றிருக்கின்றன. இதனை வெறும் மொழி விநோதம் என்று ஒதுக்கிவிட முடியாது.

‘கீக்’ என்பது தொடக்கத்தில் ஏச்சு. மூடன் எனப் பொருள்படும் கீழ்ஜெர்மானியச் சொல்லோடு அதற்கு உறவு உண்டு. அமெரிக்காவில் ஊர் ஊராகச் சென்ற கேளிக்கைக் கூடாரங்களில், உயிருள்ள கோழியின் தலையைக் கடித்துக் காட்டிப் பிழைத்தவனுக்கு அப்பெயர் வழங்கியது. வில்லியம் லிண்ட்சே கிரெஷம் 1946இல் வெளியிட்ட ‘நைட்மேர் ஆலி’ நாவலில், குடிக்கு அடிமையானவன் இறுதியில் வந்துசேரும் இழிநிலை அது. ‘நெர்ட்’ இளைய சொல். 1950இல் டாக்டர் சூஸின் சிறுவர் நூலொன்றில் கற்பனை விலங்கின் பெயராக அது அச்சேறியது. மறு ஆண்டே, டெட்ராய்ட் இளைஞர் வழக்கில் அது சுவையற்ற மனிதரைக் குறிப்பதாக ‘நியூஸ்வீக்’ இதழ் பதிவுசெய்தது.

‘அவுட்’ வந்த வழி வேறு. 1960களின் மாற்றுப்பண்பாட்டு இளைஞரிடையே ‘ஃபிரீக் அவுட்’ பெருவழக்காயிற்று; 1966இல் ‘மதர்ஸ் ஆஃப் இன்வென்ஷன்’ இசைக்குழுவின் முதல் இசைத்தட்டுக்கு அதுவே தலைப்பு. அங்கே ‘அவுட்’ என்பது இயல்பான நடத்தையின் எல்லையைக் கடத்தல். ‘கீக் அவுட்’ இவ்வச்சிலேயே பொருந்துகிறது. பொருளுக்குள் செல்பவர் அவையொழுங்கிலிருந்து வெளியேறுகிறார் என்பதே அதன் உட்பொருள்.

இதற்குச் சிறந்த சான்று, 1975இல் ஸ்டான்ஃபோர்டில் தொடங்கப்பெற்ற ‘ஜார்கன் ஃபைல்’ என்னும் கணினியாளர் சொற்றொகுதி. விருந்து போன்ற பொது இடத்தில் சிறிது நேரம் தொழில்நுட்ப மனநிலைக்கு மாறுதல் என்று இவ்வினையை அது விளக்குகிறது. உடன் தரும் எடுத்துக்காட்டோ ஒரு மன்னிப்புக் கோரல். அதே விருந்தில் ஒரு மணி நேரம் விளையாட்டைப் பற்றிப் பேசுபவரிடம் அம்மன்னிப்பை எவரும் எதிர்பார்ப்பதில்லை!

பின்னர், கணினித் தொழில் செல்வமும் செல்வாக்கும் பெற்றபோது, ஏச்சைப் பெற்றவர்களே அதனைப் பெருமிதத்துடன் சூடிக்கொண்டனர். ஆயினும் வினையில் மன்னிப்பின் தொனி எஞ்சிவிட்டது. இன்று அது கல்விப்புலத்திலும் ஒலிக்கிறது. சுவடியின் பாடவேறுபாட்டையோ கல்வெட்டின் எழுத்தமைதியையோ விளக்கத் தொடங்கும் அறிஞர், அதனைக் கேட்பதற்கென்றே கூடிய அவையில், ‘சற்றே கீக் அவுட் செய்கிறேன், பொறுத்தருள்க’ என்கிறார்.