ஆறு வயது முதல் பதினெட்டு வரை

கனடா நாட்டின் மாஸ்குவாசிஸ் என்னும் ஊரில், 2022 சூலை 25 அன்று, திருத்தந்தை பிரான்சிசு பழங்குடி மக்கள் முன் மன்னிப்பு வேண்டி நின்றதை நம்மில் பலர் அறிவோம். அந்நாட்டு அரசின் திட்டப்படி ஏறத்தாழ 1,50,000 பிள்ளைகள் விடுதிப் பள்ளிகளில் அடைக்கப்பட்டனர். அவற்றுள் பெரும்பாலானவற்றை நடத்தியவர்கள் கத்தோலிக்கத் துறவியரே. 1883-இல் தொடங்கிய முதற் பள்ளிகளுக்குத் 'தொழிற்பள்ளி' என்றே பெயர். தச்சும் தையலும் கற்பித்தார்கள், தாய்மொழியைத் தடுத்தார்கள்.

இதனைத் தொலைநாட்டுக் கதையென்று நாம் ஒதுக்கிவிட இயலாது. 1871-இல் வட இந்தியாவில் பிறந்த குற்றப்பரம்பரைச் சட்டம், 1911-இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. அதன் ஒரு பிரிவு நம்மைத் திடுக்கிடச் செய்கிறது. தொழிற்பள்ளி, வேளாண் பள்ளி, சீர்திருத்தப் பள்ளி ஆகியவற்றை அரசு நிறுவலாம்; குடியிருப்பில் வைக்கப்பட்டோரின் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து அவற்றில் சேர்க்கலாம். பிள்ளை என்றால் ஆறு வயதுக்கு மேல், பதினெட்டுக்குக் கீழ். அப்பிள்ளை குற்றம் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை ஏதுமில்லை; பிறந்த குலமே போதுமானது!

மணிமுத்தாற்றங்கரையிலுள்ள நல்லூருக்கு இச்சட்டம் அந்நியமன்று. அருகிலுள்ள வேப்பூரின் பெயரை ஒட்டுப்பெயராகக் கொண்ட ஏழை உழைப்பாளர் குலம் ஒன்று, அரசின் ஏடுகளில் குற்றப்பரம்பரையாகப் பதிவாயிற்று. அவர்களுக்கென்று தென்னார்க்காடு மாவட்டத்திலேயே அஜீஸ் நகர்க் குடியிருப்பு அமைந்தது. ஊரின் பெயரே ஒரு பழியாக மாறியதை என்னென்பது?

இக்குடியிருப்புகள் சிலவற்றை அரசு நடத்தியது. சிலவற்றைக் கிறித்தவச் சபைகளிடம் ஒப்படைத்தது. இன்றைய ஆந்திரத்திலுள்ள ஸ்டூவர்ட்புரத்தை நடத்தியது இரட்சணிய சேனை. அங்கிருந்தோர் சீராலாவின் புகையிலை ஆலைக்கு உழைப்பாளராயினர். திருந்துவதற்கு வழி உழைப்பு என்றார்கள். ஆலைக்கும் ஆள் கிடைத்தது.

தொழிற்கல்வி தன்னளவில் தீதன்று. விருத்தாசலத்தின் அரசு பீங்கான் தொழில்நுட்பப் பயிலகத்திற்கு இன்றும் இளைஞர் செல்கின்றனர். அவர்கள் தாமே விரும்பிச் சேர்ந்தவர்கள். மாலையில் வீடு திரும்பத் தடையேதும் இல்லை.

சென்னை மாகாணம் 1947-இல் அச்சட்டத்தை நீக்கியது. நாடு முழுவதும் அது நீங்கிய நாள் 1952 ஆகஸ்ட் 31. இதற்கிடையே, 1948-இலேயே, வழக்கக் குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் புதிய சட்டமொன்று சென்னையில் பிறந்துவிட்டது.