ரேந்தை ஊசியும் நூற்கோழியும்



கொழும்பு மாநகரில், வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ, ஒரு வீட்டின் முன்கூடத்துள் நுழைந்தால் அலுமாரியின் மேல் நூலாற் பின்னிய கோழி ஒன்று அமர்ந்திருப்பதை இக்காலத்திற் காண நேரலாம். சில வீடுகளில் அது குழந்தையின் விளையாட்டுப் பொருள். சிலவற்றிற் பிறந்தநாட் பரிசாக வந்தது. தேநீர்ப் பாத்திரத்தின் சூடு ஆறாதிருக்க அதன்மேற் கவிழ்க்கும் உறையாகவும், அவித்த முட்டைக்கு இடும் சிறு குல்லாயாகவும், அடுப்பிலிருந்து சட்டியை இறக்கும் கைப்பிடித் துணியாகவும் அதே கோழி உருமாறி நிற்பதுண்டு. இத்தகைய சிறு பொருளுக்கும் ஒரு வரலாறு உண்டோ என்று கேட்பீர்கள். உண்டு. அது பசியோடும் கூலியோடும் பெண்களின் கைகளோடும் பிணைந்த வரலாறு. ஆகவேதான் அதனை இன்று பேசப் புகுந்தேன்.

முதலிற் சொல்லிலிருந்து தொடங்குவோம். பூப்பூவாக நூலாற் பின்னும் துணியை ஈழத்துத் தமிழர் 'ரேந்தை' என்பர். தமிழகத்தார் பலர்க்கு இச்சொல் பழக்கமில்லை. இது போர்த்துக்கீசரின் 'ரெந்தா' என்னும் சொல். சப்பாத்தும் அலுமாரியும் துவாயும் எந்தக் கப்பலில் வந்தனவோ அதே கப்பலில் இதுவும் வந்தது. சிங்கள மக்களும் இதனை 'ரேந்த' என்றே வழங்குவர். காலி, வெலிகம முதலிய தென்கரை ஊர்களிலே திண்டின்மேல் ஊசிகளைக் குத்தி, மரத்தாலான சிறு நூற்கட்டைகள் பலவற்றை மாற்றி மாற்றி எறிந்து பின்னும் 'பீரளு' ரேந்தை இன்றும் உண்டு. அப்பெயரும் போர்த்துக்கீசமே. ஆயினும் நம் கோழி அவ்வகையைச் சேர்ந்ததன்று. அதற்குக் கட்டைகளும் வேண்டா, திண்டும் வேண்டா. நுனியிற் கொக்கியுள்ள ஓர் ஊசியும் ஒரு நூலும் போதும். ஒரு கண்ணிக்குள் மறு கண்ணியை இழுத்துக் கோத்துக்கொண்டே போவதுதான் அதன் முழு இரகசியம். பிரெஞ்சு மொழியிற் சிறு கொக்கிக்குக் 'குரோசே' என்று பெயர். கலையின் பெயரும் அதுவே ஆயிற்று.

இக்கொக்கி ஐரோப்பாவிலே தோன்றியதென்று எண்ணுதல் முழு உண்மையாகாது. கச்சு, குசராத்துப் பகுதிகளிலே தோல் தைக்கும் தொழிலாளர் பயன்படுத்திய கொக்கியூசியே துணிமேற் சங்கிலித் தையல் இடும் 'ஆரி' வேலைக்குக் கருவியாயிற்று. அவ்வகைத் தையல் கீழைநாடுகளிலிருந்து 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குச் சென்று, மேளம்போல் இழுத்துக் கட்டிய துணியின்மேற் செய்யப்பட்டது. பின்னர் யாரோ துணியை விலக்கிவிட்டு வெறும் நூலையே காற்றிற் பின்னத் தொடங்கினர். 1820களில் ஒல்லாந்து நாட்டுப் 'பெனலோப்பே' என்னும் மாதர் இதழ் குரோசே மாதிரிகளை அச்சிட்டது. இன்று வெள்ளவத்தையிற் புடைவைக் கடைதோறும் ஆரி வேலை செய்த இரவிக்கைகள் தொங்குகின்றன. அந்த இரவிக்கையும் இந்தக் கோழியும் ஒரே கொக்கியின் வழித்தோன்றல்கள் என்பதை வாங்குவோர் அறியமாட்டார்.

செல்வர் வீட்டு மகளிரின் பொழுதுபோக்காக இருந்த இக்கலை, ஏழைகளின் சோறாக மாறியது அயர்லாந்திலே. 1845இல் அந்நாட்டு உருளைக்கிழங்குப் பயிரை நோய் அழித்தது. தொடர்ந்து வந்த பஞ்சத்திற் பத்து இலட்சம் மக்கள் அளவில் மாண்டனர். அதற்குக் குறையாத தொகையினர் நாட்டைவிட்டு வெளியேறினர். அவ்வேளையிற் கோர்க் நகருக்கு அண்மையிலுள்ள உர்சுலைன் கன்னியர் மடத்திலே சிறுமியர்க்குக் குரோசே கற்பிக்கப்பட்டது. 1847இல் குளோன்சு என்னும் ஊரிற் பாதிரியாரின் மனைவி கசாந்திரா காண்டு அம்மையார் அதனையே நிவாரணத் தொழிலாக ஏற்படுத்தினார். ரியேகோ என்னும் பெண்மணி 1846 முதல் மாதிரிப் புத்தகங்களை வெளியிட்டுப் பழைய இசுப்பானிய ரேந்தையின் சாயலைக் கொக்கியாற் கொண்டுவரலாம் என்று காட்டினார். திண்டிலே வாரக்கணக்கிற் பின்ன வேண்டிய ரேந்தையின் சாயல் கொக்கிக்கு விரைவில் அகப்பட்டது. ஊசி வாங்க இயலாதவர் கம்பியை வளைத்துத் தக்கையிற் செருகிக்கொண்டனர். ஒரு வீட்டார் உரோசாப்பூ மட்டும் பின்னுவர். அடுத்த வீட்டார் இலை மட்டும் பின்னுவர். பின் எல்லாவற்றையும் ஒருவர் சேர்த்து இணைப்பர். புகை படிந்த குடிசைகளிற் பின்னிய அழுக்கு நூல் வெளுக்கப்பட்டு இலண்டன் சீமாட்டியரின் கழுத்திற் பட்டையாக அமர்ந்தது. அக்கூலி வீட்டு வாடகைக்கும் உணவுக்கும் உதவிற்று. அமெரிக்கா செல்லும் கப்பற் கட்டணமாகவும் பலருக்கு அமைந்தது.

நம்மவர் வாழும் நிலத்திலும் இதற்கு ஒப்பான நிகழ்ச்சி அதற்கு முன்பே நிகழ்ந்துள்ளது. 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த இலண்டன் மிஷனைச் சேர்ந்த மால்ற் பாதிரியாரின் துணைவியார் மார்த்தா அம்மையார், ஒடுக்கப்பட்ட குலங்களின் சிறுமியர்க்கு ரேந்தை பின்னக் கற்பித்தார். அது திண்டு ரேந்தைதான், குரோசே அன்று. ஆயினும் கதை ஒன்றே. அக்காலத் திருவிதாங்கூரில் அடிமை முறை நிலவிற்று. 1855இலேதான் அது சட்டப்படி ஒழிந்தது. ரேந்தை விற்ற பணத்தாலே தம் விடுதலையை விலைகொடுத்து வாங்கிய பெண்களைப்பற்றி மிஷன் வரலாறுகள் கூறுகின்றன. நூலாற் பின்னிய சிறு பட்டை ஒரு மனிதப் பிறவியின் விலையாகியது! இதனைப் பாடநூல்களில் எழுதுவார் இலர். போர்களின் ஆண்டுகளை மனனஞ் செய்விக்கும் நாம் இதற்கு ஒரு பந்தி ஒதுக்கலாம்.

யாழ்ப்பாணத்தில் 1824இல் உடுவிலில் அரியற்று வின்சிலோ அம்மையார் தொடங்கிய பெண்கள் விடுதிப் பள்ளியிலும் எழுத்தோடு தையலும் கற்பிக்கப்பட்டது. கொழும்பிலே கொட்டாஞ்சேனை நல்லாயன் கன்னியர் மடம் 1869இல் தோன்றியது. கன்னியர் மடங்கள் எங்குண்டோ அங்கெல்லாம் ஊசி வேலையும் உண்டு. 1950களின் இறுதியில், அயர்லாந்தைச் சேர்ந்த 'நல்லாலோசனை' அன்னை என்னும் நல்லாயன் சபைத் தலைவி, ஏழைப் பெண்களின் நெசவு நிலையங்களுக்கு நிறமும் கோலமும் வகுத்துத் தருமாறு பார்பரா சன்சோனி என்னும் ஓவியரை வேண்டினார். அவ்வேண்டுதலிலிருந்து வளர்ந்ததே, கைத்தறித் துணியாலான விலங்குப் பொம்மைகளுக்குப் பெயர்பெற்ற 'பெயார்வுட்' நிறுவனம். பஞ்சத்தின் நினைவு தங்கிய அயர்லாந்திலிருந்து வந்த ஒரு துறவி, கைவேலையைக் கூலியாக மாற்ற வேண்டுமென்று கருதியதில் வியப்பில்லை என்பது என் எண்ணம்.

இனிக் கோழியிடம் வருவோம். தேநீர்ப் பாத்திரத்துக்கு உறையிடும் வழக்கம் பிரித்தானியாவில் 1867இற் குறிக்கப்பட்டுள்ளது. அவ்வாண்டிலேயே யேம்சு தெயிலர் கண்டியை அடுத்த லூல்கந்துரவிற் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். குளிர்நாட்டில் அடைகாக்கும் கோழி முட்டையைச் சூட்டோடு வைத்திருப்பதுபோல, நூற்கோழி பாத்திரத்தைச் சூட்டோடு வைத்திருக்கும் என்னும் கற்பனை எளிதில் எழக்கூடியதே. கொழும்பின் வெயிலில் அவ்வுறைக்குத் தேவை என்ன என்று கேட்பவர்க்கு என்னிடம் விடை இல்லை. ஆனால் மேசைக்கு அது அழகுதான்.

பின்னும் முறையிலே ஒரு கணக்கு இருக்கிறது. முதலில் ஆறு கண்ணிகளை ஒரு வளையத்திற் சேர்ப்பர். அடுத்த சுற்றிற் பன்னிரண்டு, பின் பதினெட்டு, பின் இருபத்துநான்கு. சுற்றுக்கு ஆறாகக் கூட்டினால் தட்டையான வட்டம் கிடைக்கும். கூட்டுவதை நிறுத்தினால் வட்டம் மடிந்து கிண்ணமாகும். குறைத்தால் உருண்டையாய் மூடிக்கொள்ளும். மூடுவதற்கு முன் பஞ்சை அடைத்தால் கோழியின் உடல் தயார். சப்பானியர் 'அமிகுருமி' என்றழைக்கும் பொம்மை வகை முழுவதும் இக்கணக்கின் மேலே நிற்பது. சேவலின் கொண்டைதான் சுவையானது. அங்கே இடத்துக்கு மிஞ்சிய கண்ணிகளை இட வேண்டும். அவை நெருக்குண்டு, இருக்க இடமின்றி, அலையலையாகச் சுருளும். 1997இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் தைனா தைமினா என்னும் கணித அறிஞர், காகிதத்தில் நிலைத்து நில்லாத ஒருவகை வளைபரப்பை மாணவர்க்குக் காட்ட இதே உபாயத்தைக் கையாண்டு, குரோசே ஊசியாற் பின்னி வகுப்புக்குக் கொண்டுவந்தார். கொண்டை பின்னும் நம் சிறுமியர் அக்கணிதத்தின் பெயரை அறியார், செய்கையை அறிவர்.

மாதிரிகள் பெரும்பாலும் மேனாட்டிலிருந்து வருவன. ஆகவே பின்னப்படும் கோழியும் வெள்ளுடலும் சிவந்த கொண்டையுமாக மேனாட்டுக் கோழியாகவே இருக்கிறது. நமக்கோ இத்தீவுக்கே உரிய காட்டுக்கோழி உண்டு. இலங்கையின் தேசியப் பறவை அது. அதன் சேவலுக்குச் செம்மஞ்சள் உடல்; ஊதா படர்ந்த கரிய இறகும் வாலும்; சிவந்த கொண்டையின் நடுவே ஒரு மஞ்சட் பரப்பு. உலகில் வேறெந்தக் காட்டுக்கோழிக்கும் அவ்வாறான கொண்டை இல்லை. செட்டியார் தெருவிலிருந்து காலி வீதி வழியே ஆடிவேல் உலா வரும் இந்நகரில், முருகனின் கொடியிலே சேவலைக் கண்டு வளர்ந்த பிள்ளைகள் அந்த மஞ்சள் நூலை ஒருமுறை எடுத்துப் பார்க்கலாகாதா?

இதுவரை கூறியது இன்பமான பகுதி. கூற வேண்டிய பகுதி இனித்தான் வருகிறது.

ஊசிகள் கொண்டு பின்னும் காலுறைப் பின்னலுக்கு 1589இலேயே வில்லியம் லீ என்பார் பொறி கண்டார். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ரேந்தைக்கும் பொறி வந்தது. நெசவும் ஆலைக்குள் புகுந்தது. குரோசேக்கு மட்டும் ஆலை இல்லை. ஆய்வுக்கூட முயற்சிகள் உள்ளன. ஆனால் சந்தைக்கு வரும் உண்மையான குரோசேப் பொருள் ஒவ்வொன்றும், மலிவான கடையிற் கிடைப்பது உட்பட, ஒரு மனிதக் கை பின்னியதே. எனவே நூற்கோழி மிக மலிவாக விற்கப்பட்டால், பொறியின் திறமையாற் குறைந்த விலை அன்று அது. எங்கோ ஒரு பெண்ணின் கூலியிலிருந்து குறைக்கப்பட்ட விலை.

ஆந்திரத்தின் கோதாவரிக் கழிமுகத்திலுள்ள நரசாப்பூர் இதற்குச் சான்று. 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிமார் அங்குள்ள ஏழைப் பெண்களுக்குக் கற்பித்த குரோசே, பிற்காலத்தில் வணிகர் கையிற் பெரிய ஏற்றுமதித் தொழிலாயிற்று. 1970களின் இறுதியில் அங்கு சென்று ஆராய்ந்த மரியா மீசு என்னும் செருமானிய அறிஞர், 1982இல் வெளியிட்ட நூலில் ஒன்றை எடுத்துக்காட்டினார். அப்பெண்கள் வீட்டு வேலை முடித்து நாள்தோறும் ஆறு முதல் எட்டு மணி நேரம் பின்னினர். பெற்ற கூலியோ வயலில் வேலை செய்யும் பெண்ணுக்கு அரசு விதித்த குறைந்தபட்சக் கூலியிலும் குறைவு. காரணம் கேட்டால், அவர்கள் தொழிலாளர் அல்லர், ஓய்வு நேரத்திற் பின்னும் இல்லத்தரசியர் என்பதே விடை. 2024இல் நரசாப்பூர்க் குரோசேக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயருக்குச் சட்டக் காவல் வந்தது. கூலிக்கு அது தானாக வந்துவிடாது.

ஒரே வெள்ளவத்தையில் இதன் மறுபக்கத்தையும் காணலாம். அங்கே நூல் நூற்று நெய்யும் பெரிய ஆலை ஒன்று 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து நெடுங்காலம் இயங்கியது. 1933இல் அதன் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர், கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளம் இடதுசாரியர் அவர்களோடு நின்றனர். ஈராண்டுகளின் பின் லங்கா சமசமாசக் கட்சி தோன்றியது. ஒரே கூரையின்கீழ் ஒரே மணியோசைக்கு வேலைக்கு வந்தோர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத் தம் கூலியை ஒப்பிட்டனர். விறாந்தையிலே தனித்தனியே அமர்ந்து பின்னும் பெண்ணுக்கு ஒப்பிட அயலில் ஆளில்லை. நூல் ஒன்றே, அதை ஆலைக்குள் தொட்டவன் தொழிலாளி, வீட்டுக்குள் தொட்டவள் பொழுதுபோக்குபவள் என்று கணக்கெழுதினோம்.

பாடசாலைகளிலும் இவ்வழக்கம் ஊறியுள்ளது. கைப்பணிக் கண்காட்சியில் விற்கும் பொருளுக்கு நூல் விலை, பஞ்சு விலை, கண்ணுக்குப் பதித்த மணியின் விலை என்று கூட்டி, மேலே சிறிது சேர்த்து விலை இடுவோம். எங்கள் பள்ளிக் கண்காட்சி ஒன்றிலே, ஒவ்வொரு பொருளின் அட்டையிலும் வேலை செய்த நேரத்தையும் எழுதுமாறு மாணவியர்க்குக் கூறினேன். உள்ளங்கை அளவான கோழிக்கு நான்கு மணி நேரம் என்று எழுதினர். தேநீர்ப் பாத்திர உறைக்கு மூன்று மாலைப் பொழுதுகள். வாங்க வந்த தாய்மாருள் ஒருவர் அட்டையை இருமுறை வாசித்துவிட்டுக் குறித்த விலையைக் கொடுத்துச் சென்றார். அடுத்து வந்தவர், "நாலு மணித்தியாலமா? பிள்ளை சும்மா இருந்த நேரந்தானே, ரீச்சர்" என்று சொல்லிப் பாதி விலைக்குக் கேட்டார். கோழியைப் பின்னிய மாணவி அருகில் நின்றுகொண்டிருந்தாள். கொடுக்க முடியாது என்று அவளே சொன்னாள்.