கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்தில் விழாது!

காஞ்சிபுரம் பக்கம் கோயில் பார்க்கப் போகிறவர்கள் திருப்புட்குழிக்குப் போய் விஜயராகவப் பெருமாளைச் சேவித்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அதே மாவட்டத்தில் உள்ள உத்திரமேரூருக்கும் ஒரு நடை போய் வரலாம். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் ஓர் ஊராட்சிச் சட்டமே வெட்டப்பட்டிருக்கிறது.

முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் அவை. கி.பி. 919-ல் சபை ஒரு விதி செய்தது. இரண்டே ஆண்டுகளில், 921-ல், அதைத் திருத்தியது. 30 குடும்புகளிலிருந்தும் பெயர் எழுதிய ஓலைகள் குடத்தில் இடப்படும். விவரம் அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். அதை வாங்கும் மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். கையில் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாதே!

பாடப்புத்தகத்தில் இதுவரை வந்துவிடும். ஆனால் விதியின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது. அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களும் நிற்க முடியாது. பதவிக் காலம் 360 நாள். நடுவில் குற்றம் செய்தது தெரிந்தால் உடனே நீக்கம். ஒருமுறை இருந்தவர் மூன்று ஆண்டுகளுக்குத் திரும்பி வரக் கூடாது.

இதை முழு ஜனநாயகம் என்று கொண்டாடுவதும் சரியல்ல. அது பிராமணர்களின் சதுர்வேதிமங்கலம். கால் வேலிக்கு மேல் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் வேண்டும். பெண்களுக்கும் உழைத்த மக்களுக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை.

ஆனாலும் அதிகாரத்தில் இருப்பவரை யார் கேள்வி கேட்பது என்ற சிக்கல் அவர்களுக்குப் புரிந்திருந்தது. இன்றைக்கு அந்தக் கேள்வி காவல் நிலைய வாசலில் நிற்கிறது. பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டம்பர் 22-ல் உச்ச நீதிமன்றம், போலீஸ் மீதான புகார்களை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதிகள் தலைமையில் தனி ஆணையம் வேண்டும் என்றது. தமிழ்நாடு 2013-ல் கொண்டு வந்த காவல் சீர்திருத்தச் சட்டமோ, மாநில அளவில் உள்துறைச் செயலாளரைத் தலைவராகவும் டி.ஜி.பி.யை உறுப்பினராகவும் வைத்தது. மாவட்டத்தில் கலெக்டரும் எஸ்.பி.யும். அதாவது புகாருக்கு உள்ளான துறையே தன் புகாரைக் கேட்கும் குழுவில் உட்கார்ந்தது.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் போலீஸ் பிடித்துவைத்த தந்தையும் மகனும் உயிரிழந்தபோது, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாகவே தலையிட வேண்டியிருந்தது.

தவறு செய்தவரின் உறவுக்காரர்கூடப் பக்கத்தில் வரக் கூடாது என்று 1,100 ஆண்டுகளுக்கு முன் கல்லில் வெட்டிவைத்தார்கள். விதியில் ஓட்டை தெரிந்ததும் இரண்டே ஆண்டில் திருத்தவும் செய்தார்கள். கல்லில் வெட்டியதையே திருத்த முடிந்தது என்றால், காகிதத்தில் இருப்பதைத் திருத்த முடியாதா?