பறங்கிப்புண்

இன்று சிபிலிஸ் என்று நாம் சொல்லும் நோய்க்குப் பழைய அகராதிகள் தரும் ‘பறங்கிப்புண்’ என்னும் பெயரைச் சற்றுப் பிரித்துப் பார்ப்போம்.

பிராங்கு என்னும் ஐரோப்பிய இனத்தின் பெயர், அரபியர் வாயிலும் பாரசீகர் வாயிலும் புகுந்து ‘ஃபரங்கி’ ஆகி, தமிழ் நாவுக்கு வந்ததும் காற்றொலி தேய்ந்து பகரமாகி, ரகரமும் சில சொற்களில் றகரமாக வலித்து, மேலைக்கடலோடி வந்த வெள்ளையர் எல்லாரையும் குறிக்கலாயிற்று. பரங்கிமலை, பரங்கிப்பேட்டை, பரங்கிக்காய் எல்லாம் இதன் சுற்றம். திருப்பரங்குன்றத்தை மட்டும் இதில் சேர்த்துவிட வேண்டா. பறங்கியர் வருமுன்பே, பரிபாடலிலேயே அது பரங்குன்று.

நோய்க்கு அயலான் பெயரை இட்டதில் நாம் தனியர் அல்லர். 1495இல் பிரெஞ்சுப் படை நேப்பிள்ஸில் இருந்தபோது இது பரவ, இத்தாலியர் ‘பிரெஞ்சு நோய்’ என்றனர்; பிரெஞ்சுக்காரரோ ‘நேப்பிள்ஸ் நோய்’ என்று திருப்பிக் கொடுத்தனர். உருசியர் போலந்தைச் சுட்டினர். 1530இல் இத்தாலிய மருத்துவர் பிரக்கசுத்தோரோ தம் இலத்தீன் பாட்டில் படைத்த ஓர் இடையனின் பெயரே ‘சிபிலிஸ்’ ஆயிற்று. ஆயினும் அப்பாட்டின் தலைப்பிலேயே பிரெஞ்சு நோய் என்ற பெயரும் இருக்கிறது! 16ஆம் நூற்றாண்டில் பாவமிசிரர் எழுதிய ‘பாவப்பிரகாசம்’ என்னும் ஆயுர்வேத நூல் இதைப் ‘பிரங்க ரோகம்’ என்று கூறி, பறங்கிப் பெண்களின் கூட்டுறவால் வருவது என்கிறது. இனத்தைச் சுட்டிய விரல் அங்கேயே பெண்ணின் பக்கமும் திரும்பிவிட்டது.

மருந்தின் பெயர் இன்னும் வேடிக்கை. நாட்டுமருந்துக் கடையில் கட்டைத்துண்டுகளாய்க் கிடக்கும் பறங்கிப்பட்டை, பட்டையே அன்று, சீனத்துக் கொடி ஒன்றின் கிழங்கு. போர்த்துக்கீசியர் கப்பல்களில் அது மேற்கே பரவியது. 1563இல் கோவாவில் அச்சான போர்த்துக்கீசிய மருத்துவர் கார்சியா தா ஓர்த்தாவின் நூல் அதை இந்நோய்க்கு மருந்தாகப் பேசுகிறது. சீனத்தான் பொருள், பறங்கியின் பெயர்!

பின்னர் ஆட்சி பறங்கியர் கைக்குப் போனது. 1868ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டம் பரத்தையரைப் பதிவுசெய்து, சோதித்து, நோய் கண்டால் இந்நோய்களுக்கென்றே இருந்த ‘லாக்’ மருத்துவமனையில் அடைத்தது. அவர்களிடம் சென்ற வெள்ளைச் சிப்பாயை அது தொடவில்லை. 1888இல் அச்சட்டம் நீங்கியது.

பேச்சுவழக்கில் மட்டும் இந்நோய்க்குப் ‘பொம்பளைச் சீக்கு’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. பெண்பிள்ளையின் ணகரம், பகரத்தை அடுத்து மகரமாகி, எகரம் இதழ்குவிந்து ஒகரமாகப் பொம்பளை வந்தாள். சீக்கு ஆங்கிலம் தந்தது. ஆம்பளைச் சீக்கு என்று எவரும் சொல்லக் கேட்டதில்லை. பின்வந்த ‘பால்வினை நோய்’ இருபாலுக்கும் பொதுவான நல்லாக்கம்தான். ஆனால் அந்த ‘வினை’யைக் கேட்கும் காதில் ஊழ்வினையும் சேர்ந்தே ஒலிக்கிறது.