தெர்சிதீஸின் முதுகு

எம்.ஏ. தமிழ் படிக்கையில், காப்பியத்துக்கு நிகரில்லாத தலைவன் ஒருவன் வேண்டும் என்ற தண்டியலங்கார இலக்கணத்தை மனப்பாடம் பண்ணினோம். அதே அளவுகோலைத் தூக்கிக்கொண்டு போய் ஹோமரையும் அளந்தார்கள். வீரம், நாவன்மை, மானம், நட்பு, விருந்தோம்பல் என்று அகிலீஸுக்கும் ஒடிஸியஸுக்கும் ஒரு பட்டியல். பட்டியல் தப்பு என்று சொல்ல முடியாது. கிரேக்கப் பிரதிகளுக்குள் அதெல்லாம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் இவை யாருடைய உடம்பில் குணமாகின்றன, யாருடைய உடம்பில் குற்றமாகின்றன என்று கேட்பதற்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

மானத்தையே எடுத்துக்கொள்வோம். கிரேக்கத்தில் அதற்குத் 'தீமே' என்று பெயர். மதிப்பு என்றும் பொருள், விலை என்றும் பொருள். கி.மு. 8ஆம் நூற்றாண்டை ஒட்டி உருவம் பெற்றதாகக் கருதப்படும் இலியத்தில் மானம் என்பது மனசுக்குள் இருக்கும் சமாச்சாரம் அல்ல. எல்லோர் கண்ணிலும் படும்படி பங்குபோட்டுக் கொடுக்கப்படுவது அது. கொள்ளையில் வீரனுக்கு ஒதுக்கப்படும் பங்குக்குக் 'கெராஸ்' என்று பெயர். அகிலீஸுக்குக் கிடைத்த கெராஸ் ஒரு பெண், பிரிசேயிஸ். அகமெம்னன் அவளைப் பறித்துக்கொள்கிறான். அகிலீஸின் மானம் போகிறது. 24 பகுதிகள் கொண்ட காப்பியம் அங்கிருந்து நகர்கிறது. ஆக, நாயகனின் மானம் ஒரு அடிமைப் பெண்ணின் உடம்பில் எழுதப்பட்டிருக்கிறது.

12ஆம் பகுதியில் சர்ப்பிதோன் இதை இன்னும் பச்சையாகச் சொல்கிறான். ஊரில் நமக்கு மட்டும் முன்வரிசை இருக்கை, நல்ல கறி, நிறைந்த கிண்ணம், ஆற்றங்கரையில் விளைநிலம் எல்லாம் எதுக்கு? அதற்குப் பதிலாகத்தான் நாம் முன்னணியில் நிற்க வேண்டும் என்கிறான். வீரம் என்பது சும்மா தின்கிறவர்கள் அல்ல நாங்கள் என்பதற்கான நிரூபணம். அப்புறம், சாவு மட்டும் இல்லையென்றால் நானும் சண்டைக்கு வரமாட்டேன் என்றும் சேர்த்துக்கொள்கிறான். ஆளும் வர்க்கம் தன் சலுகைக்குத் தானே கணக்குச் சொல்லும் இடம் இது.

இனி நாவன்மை. சொல்லிலும் செயலிலும் வல்லவனாக வளர்ப்பதே அகிலீஸுக்குத் தரப்பட்ட கல்வி. முதல் பகுதியில் அவன் சபையில் எழுந்து அகமெம்னனைப் பேராசைக்காரன், கோழை என்று கிழிகிழியென்று கிழிக்கிறான். செங்கோலைத் தரையில் வீசுகிறான். யாரும் அவனை அடிக்கவில்லை. காவியக் கோபம் என்று இன்றுவரை கொண்டாடுகிறோம்.

இரண்டாம் பகுதியில் இன்னொருத்தன் எழுந்திருக்கிறான். பெயர் தெர்சிதீஸ். மற்றவர்களை அப்பன் பேரும் ஊர்ப் பேரும் சொல்லி அறிமுகப்படுத்தும் பிரதி இவனுக்கு இரண்டையும் தரவில்லை. பதிலாக உடம்பைத் தருகிறது: வளைந்த கால், ஒரு கால் நொண்டி, நெஞ்சுக்குள் குறுகிய தோள், கூம்பிய மண்டை, அங்கங்கே நாலு மயிர். ட்ராய்க்கு வந்தவர்களில் இவனைவிட அசிங்கமானவன் இல்லையாம். அவன் என்ன பேசுகிறான்? அகமெம்னனின் கூடாரம் நிறைய வெண்கலமும் பெண்களும் இருக்கிறார்கள். இன்னும் என்ன வேண்டும் அவனுக்கு? நாம் ஊருக்குப் போவோம், சேர்த்ததை வைத்துக்கொண்டு அவன் இங்கேயே கிடக்கட்டும். அகிலீஸையும் இவன் அவமானப்படுத்தினான் அல்லவா? அவ்வளவுதான். அகிலீஸ் பேசியதன் சாரம்தான் இது. ஒடிஸியஸ் வந்து அந்தச் செங்கோலாலேயே அவன் முதுகில் போடுகிறான். முதுகு ரத்தம் கட்டி வீங்குகிறது. தெர்சிதீஸ் உட்கார்ந்து கண்ணீரைத் துடைத்துக்கொள்கிறான்.

செங்கோல் சும்மா கம்பு அல்ல. தெய்வத் தச்சன் செய்து ஸீயஸ் வழியாகக் கைமாறி அகமெம்னனின் வம்சத்துக்கு வந்தது என்று அதன் பரம்பரையைப் பிரதி சற்று முன்புதான் விரிவாகச் சொல்லியிருக்கிறது. கம்புக்குப் பரம்பரை உண்டு. அடி வாங்கியவனுக்கு அப்பன் பேர் கூட இல்லை. இதே ஒடிஸியஸ், கலைந்து ஓடும் சேனையைத் திருப்பும்போது அரசர்களிடம் நயமாகப் பேசுகிறான், சாதாரணச் சிப்பாயைக் கண்டால் அடிக்கிறான். பேச்சு குணமாவதற்குப் பிறப்பு முன்நிபந்தனை. நாயகனின் அழகு கட்டமைக்கப்பட வேண்டுமானால் எதிரே ஒரு கூனல் முதுகு தேவைப்படுகிறது.

இதைவிடக் கசப்பான ஒன்றும் அங்கே உண்டு. அடிபட்டதைப் பார்த்துச் சேனை சிரிக்கிறது. மனசில் வருத்தம் இருந்தும் சிரித்தார்கள் என்கிறது பிரதி. ஒடிஸியஸ் செய்ததிலேயே உருப்படியான காரியம் இதுதான் என்று பேசிக்கொள்கிறார்கள். ஒன்பது வருஷமாக வீடு போகாமல் கிடப்பவர்கள், தங்களுக்காகப் பேசியவனைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள். அதிகாரத்துக்குச் செங்கோல் மட்டும் போதாது. இந்தச் சிரிப்பும் தேவை. இயக்கங்களில் இருப்பவர்களுக்கு இந்தச் சிரிப்பின் சத்தம் பழக்கமானதுதான்.

ஆகவே ஹோமரை ஆண்டைகளின் பாட்டு என்று தூக்கிப் போட்டுவிடலாமா? க. கைலாசபதி, ஜார்ஜ் தாம்சனின் மேற்பார்வையில் செய்த ஆய்வு 1968ல் நூலாக வந்தபோது, சங்கப் பாடல்களையும் கிரேக்கக் காப்பியங்களையும் வாய்மொழி வீரயுகப் பாடல்களாகப் பக்கத்தில் வைத்துக் காட்டியது. பாடகன் சோறு தின்பது தலைவன் வீட்டில். ஆனால் அவன் வாயில் ஊரின் குரலும் இருக்கிறது. அதனால் பிரதி ஒழுகுகிறது. 19ஆம் பகுதியில் பிரிசேயிஸ் முதலும் கடைசியுமாக வாய் திறக்கிறாள். பத்ரோக்ளஸின் பிணத்தின் மேல் விழுந்து அழும்போது, தன் புருஷனும் மூன்று சகோதரர்களும் ஒரே நாளில் செத்ததைச் சொல்கிறாள். புருஷனைக் கொன்றவன் அகிலீஸ். கூட அழுகிற பெண்கள், பத்ரோக்ளஸைச் சாக்காக வைத்துத் தங்கள் தங்கள் துயரத்துக்காக அழுதார்கள் என்கிறது பிரதி. அந்த ஒரு சொல்லில் நாயகனின் சாவுச் சடங்கு அடிமைகளின் ஒப்பாரியாக மாறிவிடுகிறது.

ஒடிஸியில், செத்துப்போன அகிலீஸே பேசுகிறான். பிணங்களுக்கெல்லாம் ராஜாவாக இருப்பதைவிட, நிலமில்லாத ஒருவனிடம் கூலியாளாக உயிரோடு இருப்பது மேல் என்கிறான். இந்தக் கூலியாள்தான் 'தீஸ்'. அந்தச் சமூகத்தின் கடைசிப் படியில் இருந்தவன் அடிமைகூட அல்ல, இவன்தான் என்று எம்.ஐ. ஃபின்லி 1954இல் எழுதினார். புகழுக்காக உயிரைக் கொடுத்தவன் கடைசியில் தெர்சிதீஸின் பக்கம் வந்து உட்காருகிறான். ஆனால் இதைச் சொல்வதற்கும் அவன் அகிலீஸாக இருக்க வேண்டியிருக்கிறது.

இலியத்துக்குப் பின்னால் வந்து தொலைந்துபோன எத்தியோப்பிஸ் என்ற காப்பியத்தின் சுருக்கம் மட்டும் கிடைத்திருக்கிறது. அதில் தெர்சிதீஸ் மறுபடியும் வாய் திறக்கிறான். இந்தத் தடவை அவனை அகிலீஸே கொன்றுவிடுகிறான். ஒருவன் பேசினால் அறச்சீற்றம், இன்னொருவன் பேசினால் வாய்க்கொழுப்பு. அடுத்த முறை ஒரு கூட்டத்தில் யாராவது எழுந்து நின்று, அவன் பேச்சுக்கு நாம் சிரிக்கத் தொடங்கும்போது, அவன் என்ன சொன்னான் என்பதை ஒருதடவை தனியாக எடுத்துப் பார்க்கலாம்.